செய்கூலி, சேதாரம், செக்‌ஷன் 52

நம் நாட்டில் ஒரு காருக்கு நல்ல பிரேக் மாட்டினால் அதன் மறுவிற்பனை விலை குறையும். அதே பிரேக்கைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு, பரணில் கிடந்த பழைய பிரேக்கைத் திரும்ப மாட்டி, கிலோமீட்டரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, டாஷ்போர்டுக்கு பாலீஷ் போட்டால் விலை ஏறும். இதற்கு மார்க்கெட் நிலவரம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பச்சை அயோக்கியத்தனம் என்று நான் சொல்வேன். அதிலும் அரசாங்கம் சீல் குத்திக் கொடுக்கிற அயோக்கியத்தனம்.

முதலில், காரில் கை வைக்கிற நம் பையன்கள் விஷயத்தை முடித்துவிடுகிறேன். அவர்கள் ஒன்றும் பால் குடிக்கிற பிள்ளைகள் இல்லை.

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 2013-இல் இங்கே வந்தது. 1.2 லிட்டர் டர்போ எஞ்சின், 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க், ஏழு கியர் டி.எஸ்.ஜி. பெட்டி. 2022-இல் இந்தியாவில் போலோவையே நிறுத்தினார்கள். நிறுத்திய நாள் முதல் அந்தக் கார் குலதெய்வமாகிவிட்டது. கோவையிலோ பெங்களூரிலோ கொச்சியிலோ அதை வைத்திருக்கிற பையன் சும்மா ஓட்ட மாட்டான். லேப்டாப்பைச் சொருகி எஞ்சின் சாஃப்ட்வேரை மாற்றி எழுதுகிற ஸ்டேஜ் ஒன் ரீமேப். அது பத்தவில்லை என்று டவுன்பைப் போட்டு ஸ்டேஜ் டூ. அப்புறம் இன்டேக், வண்டியை இறக்குகிற காயிலோவர் சஸ்பென்ஷன், அலாய், பக்கெட் சீட். சம்பளத்தில் பாதி போயிருக்கும். அப்பாவிடம் சொன்ன பொய்க்குக் கணக்கில்லை. பில்லையெல்லாம் ஒரு ஃபைலில் பத்திரமாக வைத்திருப்பான். கல்யாணம் நிச்சயமாகும். பெண் வீட்டார் ஒரு தடவை அந்த வண்டியில் ஏறிப் பள்ளத்தில் விழுந்து எழுந்தால் போதும், மாப்பிள்ளை வண்டியை விற்கக் கிளம்பிவிடுவார். காரின் விலையோடு ஃபைலில் இருக்கிற அத்தனை பில்லையும் கூட்டி ஒரு தொகை சொல்வார். கேட்டால், "போட்ட காசாச்சும் வரணும்ல ப்ரோ."

அம்மாவைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார். வளையலை விற்கப் போனால் தங்கத்துக்குத்தான் காசு. செய்கூலியும் சேதாரமும் வாங்கிய அன்றே கடையோடு போயிற்று. தம்பி, நீ மாட்டியதெல்லாம் செய்கூலி. அதிலும் தங்கம் எடையாவது நிற்கும், உன் வண்டி நிற்காது. இன்சூரன்ஸ் அட்டவணையில் அது அச்சடித்தே இருக்கிறது: வாங்கி ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிவு, ஒரு வருடத்துக்குள் 15, ஐந்தாம் வருட முடிவில் 50. அந்தக் கணக்கில் காயிலோவருக்கு இடம் கிடையாது. ஸ்பீக்கருக்கு இருக்கிறது. டிக்கியை அடைத்து ஒரு பாஸ் பெட்டி வைத்து ஊரையே அதிர வைத்தால், அதன் மதிப்பில் 4 சதவீதம் பிரீமியம் கட்டி அதைக் காப்பீட்டில் சேர்த்துக்கொள்ளலாம். நிறுத்துகிற பிரேக்கைச் சேர்க்கக் கேட்டால் "வண்டியை மாத்திட்டீங்களா?" என்று பாலிசியையே சந்தேகமாகப் பார்ப்பார்கள். நாட்டின் முன்னுரிமை தெளிவாகத்தான் இருக்கிறது.

பையன்கள் முடிந்தது. இனி பெரியவர்கள்.

கோவை அவிநாசி ரோட்டில் ஏதாவது ஒரு பழைய கார் யார்டுக்குப் போய் நில்லுங்கள். யார்டுக்காரர் வண்டியை முதலில் பார்க்க மாட்டார். பையனின் சட்டையையும் தாடியையும் பார்ப்பார். அப்புறம் மெதுவாகச் சுற்றி வருவார். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்ப்பார். பானட்டைத் தூக்கி, ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் நட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் தெரிகிறதா என்று குனிவார். பெயின்ட் கொஞ்சம் உரிந்து இரும்பு மினுங்கினால் அவர் முகத்தில் ஒரு திருப்தி.

"ஏனுங் தம்பி, வண்டிய எறக்கிட்டீங்களாட்ட இருக்குது?"

"காயிலோவருங்ணா. ஜெர்மன் செட்டு. பில்லு இருக்குதுங்."

"பில்லு இருக்கட்டுமுங். ரீமேப்பு?"

"ஸ்டேஜ் டூங்ணா."

துக்கம் விசாரிக்க வந்தவர் போல உச்சுக்கொட்டுவார். எதையும் மாற்றாத ஸ்டாக் வண்டிக்குச் சொல்வதில் ஒரு லட்சத்தைக் குறைத்து ஒரு தொகை சொல்வார். பையன் முகம் செத்துப்போகும். அப்போதுதான் யார்டுக்காரர் தோளில் கை போடுவார்.

"ஒண்ணு பண்ணுங்க தம்பி. அத்தனையும் கழட்டிப்போட்டு ஸ்டாக்காக் கொண்டாங்க. நல்ல ரேட்டுக்கு முடிச்சுத் தர்றேன்."

"எஞ்சினும் கியர் பாக்ஸும் அதேதானுங்ளே அண்ணா?"

"அதை ஆருங் பாக்கறாங்க?"

இந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்தியாவின் மாடிஃபைடு கார் வியாபாரம் முழுதும் நடக்கிறது. உண்மையைச் சொல்கிறவனுக்கு ஒரு லட்சம் அபராதம். மறைக்கத் தெரிந்தவனுக்கு அந்த ஒரு லட்சம் பரிசு. கழற்றிய சாமான்களைத் தனியே விற்றால் அதற்கும் காசு. இவ்வளவு சம்பாத்தியத்தை வைத்துக்கொண்டு எவன் யோக்கியனாக இருப்பான்?

(சினிமாவில் நடித்திருந்தால் கதை வேறு. 'தி ஃபாஸ்ட் அண்ட் த ஃப்யூரியஸ்' படத்தில் பால் வாக்கர் ஓட்டிய ஆரஞ்சு நிற டொயோட்டா சுப்ரா 2021-இல் லாஸ் வேகஸ் ஏலத்தில் 5,50,000 டாலருக்குப் போனது. அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கருக்கும் இறக்கைக்கும் யாரும் பணத்தைக் குறைக்கவில்லை. நம் பையனின் குறை, அவன் வண்டியை எந்த ஹீரோவும் ஓட்டாததுதான்.)

யார்டுக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. அவர் சட்டம் தெரிந்தவர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது: ஆர்.சி.யில் இருக்கிற விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைக் கறாராகச் சொல்லிவிட்டது. அதே வருடம் திருத்தச் சட்டத்தில் 182ஏ என்று ஒரு பிரிவு வந்தது. அனுமதியில்லாமல் மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், அல்லது இரண்டும்.

கண்டபடி வெட்டி ஒட்டுகிறவர்களைத் தடுக்கச் சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நள்ளிரவில் ஆஸ்பத்திரி வாசலில் பட்டாசு வெடிக்கிற சைலன்சர்காரனை இன்னும் நாலு சாத்தினாலும் எனக்குச் சம்மதம். ஆனால் இந்தச் சட்டத்துக்குப் பிரித்துப் பார்க்கிற கண்ணே கிடையாது. காது கிழிக்கிற சைலன்சரும் மாற்றம், 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்னும் சீக்கிரம் நிற்க வைக்கிற பிரேக்கும் மாற்றம். வண்டியின் நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அதை ஆர்.சி.யில் எழுதித் தருவார்கள். அங்கீகாரம் பெற்ற கேஸ் கிட் மாட்டினால் எழுதித் தருவார்கள். நான் என்ன பிரேக் மாட்டியிருக்கிறேன், என்ன சஸ்பென்ஷன் மாட்டியிருக்கிறேன், சோதித்துப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள் என்று போய் நின்று பாருங்கள். உண்மை சொல்ல வந்தவன் தானாகப் போய் மாட்டிக்கொண்டவன் ஆகிவிடுவான். வெளியே வரும்போது ஏஜென்ட் காதில் சொல்வார்: "இதையெல்லாம் போய் ஆராவது சொல்லுவாங்களா சார்?"

ஜெர்மனியில் டியூஃப் என்று சோதனை அமைப்பு இருக்கிறது. சான்றிதழ் உள்ள ஸ்பிரிங்கையோ சக்கரத்தையோ மாட்டிக்கொண்டு போனால் பார்த்து, ஓட்டி, அளந்து, சரியென்றால் வண்டியின் காகிதத்தில் ஏற்றிவிடுவார்கள். விற்கிறவன் அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டுவான்; வாங்குகிறவன் அதைப் படித்துவிட்டுப் பேரம் பேசுவான். நமக்கு ஆளில்லையா, இடமில்லையா? சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. என்று மத்திய அரசின் வாகனப் பரிசோதனை மையமே இருக்கிறது. அதே வட்டாரத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக் இருக்கிறது. கோவையில் செட்டிபாளையத்தில் இன்னொரு டிராக், கரி மோட்டார் ஸ்பீட்வே. அந்தக் கரி யார் என்று தெரியுமா? கரிவர்தன். மாருதி 800 எஞ்சினை எடுத்து ஒற்றை சீட் ரேஸ் காருக்குள் பொருத்தி, ஒரு தலைமுறைக்கே ரேஸ் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதர். எஞ்சினைக் கழற்றி வேறு வண்டியில் போட்டவர் பெயரில் மைதானம் வைத்துக் கொண்டாடுகிறோம். ஏர் ஃபில்டரை மாற்றியவனை ரோட்டோரம் நிறுத்தி "வண்டிய ஓரங்கட்டு" என்கிறோம். அது டிராக், இது ரோடு என்று சட்டம் தெரிந்தவர்கள் உடனே எழுந்து நிற்பார்கள். தெரியும், உட்காருங்கள். 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி, தினமும் நாம் ஹாரன் அடித்துக்கொண்டு ஊர்கிற அதே ரோட்டில், 3.5 கிலோமீட்டருக்குத் தடுப்பு கட்டி, லைட் போட்டு, ராத்திரி ரேஸ் விட்டது அரசாங்கம்தான். ஊர் நடுவே ரேஸ் கார் ஓடினால் மாநிலத்துக்குப் பெருமை. அதைக் கைதட்டிப் பார்த்துவிட்டு வந்த பையன் வண்டியில் கை வைத்தால் 182ஏ.

சட்டம் எல்லோருக்கும் பொது என்றாவது ஆறுதல் பட முடிகிறதா? கறுப்பு ஃபிலிம் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2012-இல். வி.ஐ.பி. வண்டியின் தலையில் சுழலும் விளக்கு 2017 மே 1 முதல் கூடாது. முன்னால் இரும்புக் கம்பி மாட்டுவது பாதசாரிக்கும் ஆபத்து, ஏர்பேக்குக்கும் ஆபத்து என்று மத்திய அரசே 2017 டிசம்பரில் தடுத்தது. துறைப் பெயர் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள் என்று சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் 2024-இல் கெடு வைத்தது. இத்தனையையும் ஒரே வண்டியில் பார்க்க வேண்டுமா? ஏதாவது கட்சியின் மாவட்டக் கூட்டம் நடக்கிற மண்டபத்து வாசலில் போய் நில்லுங்கள். பல்லவி பாடுகிற ஹாரன் இலவசம். அந்த வண்டிக்கு சல்யூட் அடித்து வழிவிட்ட அதே கைதான் அடுத்த சிக்னலில் பையனின் சாவியைப் பிடுங்குகிறது. விற்கும்போதும் அந்த வண்டிக்கு மாடிஃபைடு என்று யாரும் லட்சத்தைக் குறைப்பதில்லை. "வி.ஐ.பி. வெச்சிருந்த வண்டிங்" என்று கூடத்தான் கேட்கிறார்கள்.

பிடுங்கிய சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலர் ஏற்றி போட்டோ எடுக்கிற திருவிழாவைப் பல ஊர்களில் பார்த்திருப்பீர்கள். அந்த சைலன்சர் வானத்திலிருந்து விழவில்லை. ரெண்டு தெரு தள்ளி, போர்டு வைத்த கடையில், ஜி.எஸ்.டி. பில்லோடு விற்றது. அன்றைக்கு வரி வாங்கிய கை, இன்றைக்கு அபராதமும் வாங்குகிறது. ரோலருக்கு டீசல் செலவு மட்டும் நஷ்டம்.

சரி, யார்டுக்காரர் சொன்னபடி பையன் ஷெட்டுக்குப் போகிறான். வண்டியை ஸ்டாக்காக்க வேண்டும்.

அந்த ஷெட்டில் இது ஒரு நாள் வேலை. பரணிலிருந்து சாக்கு மூட்டையை இறக்குகிறார்கள். உள்ளே ஒரிஜினல் ஸ்பிரிங், ஒரிஜினல் ஏர் பாக்ஸ், கேடலிட்டிக் கன்வெர்ட்டர், எலி கடித்த ஒரு ரப்பர் புஷ். டவுன்பைப்பின் நட்டுகள் சூட்டில் இறுகிக் கிடக்கின்றன. எண்ணெய் விட்டு, தட்டி, ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, கழற்றுகிறார்கள். நட்டு புதிதாகப் பளபளத்தால் சந்தேகம் வரும் என்று பழைய நட்டையே தேடிப் போடுகிற அளவுக்குத் தொழில் சுத்தம். இந்தக் கைநேர்த்தியை அரசாங்கம் ஒரு ஐ.டி.ஐ. சான்றிதழுக்கு எடுத்துக்கொள்ளலாம். கடைசியில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற பிளக்கில் கேபிளைச் சொருகி, கம்பெனி ஃபைலைத் திரும்ப ஏற்றுகிறார்கள். திரையில் பச்சைக் கோடு நூறு சதவீதம் வரை நகர்கிறது. ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் வண்டி கன்னியாகிவிட்டது.

சாஃப்ட்வேருக்குப் பழைய ஃபைல் உண்டு. கிளட்ச் பிளேட்டுக்குப் பழைய ஃபைல் எங்கே இருக்கிறது? அந்த டி.எஸ்.ஜி. பெட்டி டிரை கிளட்ச் வகை. 250 நியூட்டன் மீட்டர் வரை என்று கணக்குப் போட்டுச் செய்தது. 175-க்குப் பொருத்தியதை அந்த எல்லைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டுபோய், சிக்னலுக்கு சிக்னல் லாஞ்ச் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை குன்னூர் மலையில் ஏறி இறங்கி, இரண்டு வருடம் வாங்கிய அடி முழுதும் உள்ளேயே இருக்கிறது. டர்போவுக்கும் அதே கதி. வண்டியோடு இருந்திருக்க வேண்டிய நல்ல பிரேக்கும் நல்ல சஸ்பென்ஷனும் வேறொருவன் காருக்குப் போய்விட்டன. அடி மட்டும் வண்டியோடு போகிறது. ஆக, வாங்க வருகிறவருக்கு நம் சட்டமும் சந்தையும் சேர்ந்து தேர்ந்தெடுத்துக் கொடுப்பது இருப்பதிலேயே மோசமான சரக்கை. ஒளிக்காமல் விற்றிருந்தால் குறைந்தது பிரேக்காவது மிஞ்சியிருக்கும்.

பெயர் மாற்றத்துக்கு ஃபாரம் 29, ஃபாரம் 30. விற்கிறவர் பெயர், வாங்குகிறவர் பெயர், முகவரி, எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர். இரும்பில் பொறித்த நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒட்டுகிற பழக்கமும் உண்டு. நம்பர் அதே நம்பர்தான், ஐயா. அதற்குள்ளே என்ன நடந்தது என்று கேட்க ஒரு கட்டம் அந்த ஃபாரங்களில் இல்லை. அரசாங்கத்தின் வாகன் தளத்தில் தேடினால் லோன் பாக்கி தெரியும், இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்று தெரியும். வண்டி என்ன பாடுபட்டது என்று தெரியாது. ஆறு மாத ஜெயில் என்று மிரட்டத் தெரிந்த அரசாங்கத்துக்கு ஒரு கட்டம் போட்ட தாள் அடிக்கத் தெரியவில்லை. பின்னே, அந்தக் கட்டத்தில் ஒருவன் உண்மையை எழுதிவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பயமாக இருக்காதா?

யார்டில் வண்டி நிற்கிறது. ஸ்டாக் கண்டிஷன், சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டியது, நீட்டித்த வாரண்டி இன்னும் பாக்கி. ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வருகிறார். சொசைட்டி லோன், மாதத் தவணை. மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் மழையில் நனையாமல் போக ஒரு வண்டி வேண்டும். நாலு பேர் சொன்னதால் போலோ. முன்பக்கம் ஒரு எலுமிச்சம்பழம் கட்டி, பேரூர் கோயிலில் பூஜை போட்டு ஓட்டிப் போகிறார்.

சில மாதத்தில் முதல் கியரில் ஒரு உதறல். அப்புறம் ஸ்பேனர் விளக்கு. ஷோரூமில் லேப்டாப்பைச் சொருகுகிறார்கள். ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் எஞ்சின் சாஃப்ட்வேரில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று கண்டுவிட்டால் அந்த சேசிஸ் நம்பருக்கு நேரே டிடி1 என்று ஒரு குறி விழும். பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும் எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கு உள்ளே நிற்கும். ஆர்.டி.ஓ.வுக்குத் தெரியாதது, யார்டுக்காரர் தெரிந்துகொள்ள விரும்பாதது, இங்கே முதல் தடவையாக வெளியே வருகிறது. வாரண்டியைக் கொடுக்காமல் இருப்பதற்காக.

"சார், நீங்க வண்டிய மாடிஃபை பண்ணியிருக்கீங்க."

"நானா? எனக்கு ஆயில் மாத்தக்கூடத் தெரியாதுங்க."

"சிஸ்டத்துல அப்படித்தான் சார் வருது. ஓனர் நீங்கதானே?"

ஓனர் அவர்தான். சட்டத்தின் வாசகமும் ஓனரைத்தான் பிடிக்கும். கிளட்ச் செட், மெக்கட்ரானிக், லேபர், வரி என்று ஒரு எஸ்டிமேட் அச்சாகி வருகிறது. கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. விற்ற பையன் இப்போது பக்கெட் சீட் இல்லாத எஸ்.யு.வி.யில் மாமனார் வீட்டுக்குப் போய் வருகிறான். யார்டுக்காரர் போனை எடுக்கிறார், மறுக்கவில்லை: "நாங்க ஸ்டாக் வண்டியாத்தானுங் குடுத்தோம்." அதற்காகத்தான் வாத்தியார் ஒரு லட்சம் கூடக் கொடுத்திருந்தார்.